ஜவ்வு பிதுங்கினால் கத்தி எப்போது?

முதுகுத்தண்டு மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களை ஒரே பார்வையில் இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வகை. நாற்காலி காலியாக இருந்தும் உட்கார முடியாமல், சுவரோரம் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையினரின் கக்கத்தில் பெரும்பாலும் ஒரு பெரிய எம்ஆர்ஐ கவர் இருக்கும். உள்ளே போனதும், "இடுப்புல ஆரம்பிச்சு குதிகால் வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்குது டாக்டர்" என்பார்கள். அடுத்து, "லேசர்ல பண்ணிடலாமா? மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்றாங்களே" என்று கேட்பார்கள்.

அப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பிதுங்கிய ஜவ்வை எடுக்கும் அறுவை சிகிச்சை இன்று அந்த அளவுக்குச் சுருங்கித்தான் போயிருக்கிறது. ஒரு காலத்தில் முதுகில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, தசையை எலும்பிலிருந்து வழித்து விலக்கிச் செய்த வேலை இது. இப்போது இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல் போதும். எண்டோஸ்கோப்பி என்றால் ஒரு சென்டிமீட்டர்கூட வேண்டாம். ஆனால் துளை சிறுக்கச் சிறுக்க ஒரு விபரீதமும் கூடவே வளர்ந்துவிட்டது. அறுவை சிகிச்சை தேவையா என்று கேட்பதற்கு முன்பே, எந்த முறையில் செய்யலாம் என்ற பேச்சுக்கு நோயாளிகளும் சில மருத்துவமனைகளும் தாவிவிடுகிறார்கள்.

முதல் கேள்வியை முதலில் கேட்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

நம் முதுகெலும்புக் கோவையில் 23 ஜவ்வுகள் இருக்கின்றன. டிஸ்க் என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். ஒவ்வொன்றும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே அதிர்ச்சி தாங்கியாக உட்கார்ந்திருக்கிறது. வெளியே நார் நாராக அடுக்கிய கெட்டியான வளையம், உள்ளே நீர்ச்சத்து மிகுந்த கூழ். கொழுக்கட்டையை ஒரு பக்கமாக அழுத்தினால் பூரணம் எதிர்ப்பக்கம் பிதுங்குமே, ஏறக்குறைய அதுதான் இங்கும் நடக்கிறது. பிதுங்கும் இடத்துக்குப் பின்னால்தான் காலுக்குப் போகும் நரம்பு வேர்கள் இருக்கின்றன.

இடுப்பில் வரும் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு தளங்களில், அதாவது எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் இடங்களில் வருபவை. உடல் எடை மொத்தமும் வந்து இறங்குவதும், குனியும்போது அதிகம் மடங்குவதும் அங்கேதான்.

வளையம் கிழிந்து கூழ் வெளியே வருகிறது என்பது பாடப்புத்தக விளக்கம். கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 181 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு அந்த விளக்கத்தைத் திருத்தி எழுதியது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு வளையத்தின் நடுப்பகுதி கிழியவில்லை. ஜவ்வு எலும்போடு ஒட்டியிருக்கும் விளிம்புத் தகடு பெயர்ந்து, அந்த வழியாகத்தான் சரக்கு வெளியே வந்திருக்கிறது. முதுகெலும்பு ஆராய்ச்சிக்கான உலகளாவிய பரிசு ஒன்றைப் பெற்ற வேலை இது. நம் ஊர் ஆபரேஷன் தியேட்டரில் பிறந்த அறிவு என்பதால் சற்றுப் பெருமையோடே சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் நோயாளிகளில் பலருக்குத் தெரியாது. நரம்பு வலிப்பது அழுத்தத்தால் மட்டுமில்லை. பிறந்த நாள் முதல் ரத்த ஓட்டத்திலிருந்து ஒதுங்கியே இருந்த அந்தக் கூழ் வெளியே வந்து நரம்பைத் தொட்டதும், அங்கே ரசாயன அழற்சி கிளம்புகிறது. நரம்பு வீங்கிச் சிவக்கிறது. பெரிய பிதுக்கத்தோடு ஒருவர் சாவகாசமாக நடமாடுவதும், சின்னப் பிதுக்கத்தோடு இன்னொருவர் இரவெல்லாம் துடிப்பதும் இதனால்தான். பிதுக்கம் அப்படியே இருக்க, அழற்சி அடங்கியதும் வலி மட்டும் போய்விடுவதும் உண்டு.

அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தளத்தில் ஜவ்வு உப்பியிருந்தது. 27 சதவீதம் பேருக்கு அதைவிட ஒரு படி மேலே, பிதுக்கமே இருந்தது. ஆகவே படத்தில் 'டிஸ்க் பல்ஜ்' இருக்கிறது என்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்ட முடியாது. ரிப்போர்ட்டை ஆட்டோவிலேயே பிரித்துப் படித்து, வீட்டுக்கு வருவதற்குள் கூகுளில் தேடி, தான் இனி நடக்கவே முடியாது என்று முடிவுசெய்துவிடுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். மேலே சொன்ன அதே கோவைக் குழு இதையும் ஆராய்ந்திருக்கிறது. நாள்பட்ட முதுகு வலிக்காரர்களில் ஒரு பிரிவினருக்கு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் இருப்பதை உள்ளது உள்ளபடி விளக்கினார்கள். இன்னொரு பிரிவினரிடம் வயதுக்கேற்ற மாற்றங்கள்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். சிகிச்சை இருவருக்கும் ஒன்றே. முதல் பிரிவினரே வலியாலும் பயத்தாலும் அதிகம் அவதிப்பட்டார்கள்.

நல்ல மருத்துவர் அந்தக் கவரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் காலைப் பார்ப்பார். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவார். பாதி தூக்குவதற்குள் வலி மின்னலாகக் கீழே இறங்கினால் நரம்பு சிக்கியிருக்கிறது என்று பொருள். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்வார். அது பலமிழந்திருந்தால் சந்தேகம் எல்5 நரம்பின் மேல் விழும். நுனிக்காலில் நடக்க முடியாவிட்டால் எஸ்1. காலில் கண்டதும் படத்தில் கண்டதும் ஒரே நரம்பைச் சுட்டினால்தான் கத்தியைப் பற்றிய பேச்சே எழ வேண்டும்.

காத்திருக்கும் வைத்தியம்

பிதுங்கிய ஜவ்வுத் துண்டை உடம்பே தின்றுவிடும். வெளியே வந்த சரக்கை அந்நியப் பொருளாக நினைத்து, ரத்தத்தின் துப்புரவு அணுக்கள் மொய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகின்றன. இதில் ஒரு வேடிக்கை, படத்தில் பார்க்க மிகப் பயங்கரமாக இருக்கும் பிதுக்கம்தான், அதாவது தாய் ஜவ்விலிருந்து முழுக்கப் பிய்ந்துவந்த துண்டுதான், கரைந்துபோக அதிக வாய்ப்புள்ளது. லேசாக உப்பி நிற்பது பல வருடம் அப்படியே இருக்கும்.

அதனால் பெரும்பாலானவர்களுக்குக் கால் வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானே கணிசமாகக் குறைகிறது. அதுவரை வலி மாத்திரை, தேவைப்பட்டால் நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி, பிசியோதெரபி. படுத்தே கிடப்பது வைத்தியம் ஆகாது. நெதர்லாந்தில் 183 பேரை வைத்து 1999-இல் முடித்த ஆய்வில், இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தவர்களுக்கும், முடிந்தவரை நடமாடியவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "பலகையில படு, எழுந்திருக்காதே" என்று சொல்லும் பெரியப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்க்கலாம். சுளுக்கு வழிப்பவரிடம் போய் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது வேறு ரகம். நரம்பு சிக்கியிருக்கும் நேரத்தில் அதைச் செய்யவே கூடாது.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. அதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தும் போகவில்லை, அல்லது போவதே தெரியவில்லை. மலத்தை அடக்க முடியவில்லை. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படும் இடமெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. இரண்டு கால்களும் தளர்கின்றன. இப்படியானால் பெரிய பிதுக்கம் நரம்புக் கொத்து முழுவதையும் நசுக்குகிறது என்று அர்த்தம். இரவு இரண்டு மணியானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சிறுநீர்க் கட்டுப்பாடு ஆயுளுக்கும் திரும்பாமல் போகலாம். பாதம் தொங்கிப்போவதும், செருப்பு நழுவி விழுந்தது தெரியாமல் நடப்பதும், அந்தப் பலவீனம் நாளுக்கு நாள் கூடுவதும் அடுத்த எச்சரிக்கைகள்.

இவை எதுவும் இல்லாமல், வெறும் வலி மட்டும் இருந்தால்? 2007-இல் வெளியான இன்னொரு டச்சு ஆய்வு இதைத்தான் கேட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் கால் வலியில் இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே அறுவை சிகிச்சை. மறுபாதிக்குக் காத்திருப்பு, தாங்க முடியாவிட்டால் பிறகு அறுவை சிகிச்சை. உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகப் போனது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் அறுவை சிகிச்சைக்கு வந்தார்கள். மீதிப் பேர் வரவேயில்லை. ஒரு வருட முடிவில் பார்த்தால் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள்.

இந்த முடிவை இரண்டு விதமாகவும் படிக்கலாம். கத்தி தேவையில்லை என்றும் சொல்லலாம். சில மாத வேதனையை வாங்கிக்கொள்ள வேண்டாமே என்றும் சொல்லலாம். அரசு வேலையில் மருத்துவ விடுப்பு எடுக்க முடிந்தவருக்கும், நாள் கூலிக்கு மூட்டை தூக்குபவருக்கும் பதில் ஒன்றாக இருக்காது. ஆறு வாரம் ஒழுங்காக வைத்தியம் பார்த்தும் இரவில் தூக்கம் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, படமும் காலும் ஒத்துப்போகின்றன என்றால், அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது பலவீனமோ அவசரமோ ஆகாது. நான்கு மாதம் தாண்டியும் விடாத வலிக்கு அறுவை சிகிச்சையே மேல் என்று கனடாவில் 128 பேரிடம் நடந்த 2020 ஆய்வும் காட்டியிருக்கிறது.

பப்பாளிப் பால் முதல் எண்டோஸ்கோப் வரை

பிதுங்கிய ஜவ்வுதான் கால் வலிக்குக் காரணம் என்ற அறிவுக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் முதுகைத் திறந்த மருத்துவர்கள் அந்தத் துண்டைக் குருத்தெலும்புக் கட்டி என்றே நினைத்தார்கள். 1932-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பனிச்சறுக்கில் அடிபட்ட ஓர் இளைஞருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நரம்பியல் அறுவை நிபுணர் வில்லியம் மிக்ஸ்டரும் எலும்பு மருத்துவர் ஜோசப் பாரும் எடுத்த துண்டைச் சோதித்தபோது, அது கட்டியாக இல்லை, ஜவ்வாக இருந்தது. மருத்துவமனைக் கிடங்கில் 'கட்டி' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்துத் திரும்பப் பார்த்தார்கள். அவற்றிலும் பல ஜவ்வுத் துண்டுகளே. 1934-இல் 19 நோயாளிகளைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையோடு இந்த அறுவை சிகிச்சையின் சரித்திரம் தொடங்குகிறது.

வெட்டாமலே வேலையை முடிக்கும் ஆசையும் பின்னாலேயே வந்தது. 1956-இல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயல்களுக்குப் பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த நொதியை ஊசியில் ஏற்றினார். விறைத்து நின்ற காதுகள் துவண்டு தொங்கின. குருத்தெலும்பின் பசையையே அந்த நொதி இளக்கியிருந்தது. அப்படியானால் ஜவ்வையும் இளக்குமே என்று லைமன் ஸ்மித் என்ற மருத்துவருக்குத் தோன்றியது. அறுபதுகளில் அவர் மனிதர்களின் ஜவ்வுக்குள் பப்பாளி நொதியைச் செலுத்தத் தொடங்கினார். பலருக்கு வலி போனது. 1982-இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. ஆனால் சிலருக்கு உயிர்போகும் ஒவ்வாமை வந்தது. அபூர்வமாகச் சிலருக்குக் கால்கள் செயலிழந்தன. மருத்துவர்கள் ஒதுங்கினார்கள், மருந்தும் சந்தையிலிருந்து மறைந்தது. ஊசி குத்துவதால் மட்டும் ஒரு சிகிச்சை சின்னதாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் முதுகு மருத்துவத்தில் இல்லை.

நிலைத்து நின்றது நுண்ணோக்கி. 1977-இல் சூரிச்சின் யாசர்கிலும் ஜெர்மனியின் காஸ்பரும், அடுத்த ஆண்டு லாஸ் வேகஸின் வில்லியம்ஸும் நுண்ணோக்கி வழியாக ஜவ்வை எடுக்கும் முறையை அறிவித்தார்கள். மைக்ரோடிஸ்கெக்டமி என்று இன்று பரவலாக நடப்பது அதுவே. நோயாளியை வயிறு அழுந்தாதபடி குப்புறப் படுக்கவைப்பார்கள். வயிறு அழுந்தினால் முதுகின் சிரைகள் புடைத்து ரத்தம் கசியும். எக்ஸ்ரே கருவியில் தளத்தை எண்ணிச் சரிபார்ப்பார்கள். சிறு கீறல், தசையை ஒதுக்கல், இரண்டு எலும்புத் தகடுகளுக்கு இடையே இருக்கும் மஞ்சள் தசைநாரில் ஒரு ஜன்னல். உள்ளே நரம்பை மெல்ல விலக்கினால் கீழே துண்டு தெரியும். அதைக் கவ்வி எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். முழு ஜவ்வையும் எடுப்பதில்லை. பிதுங்கியதையும் பிய்ந்து ஆடுவதையும் மட்டுமே எடுக்கிறார்கள்.

"முதுகுல கத்தி வச்சா கால் விளங்காமப் போயிடும்" என்ற பயம் நம் ஊரில் ஆழமானது. தண்டுவடம் மேல் இடுப்பிலேயே முடிந்துவிடுகிறது. எல்4-எல்5 தளத்தில் இருப்பவை அதிலிருந்து தொங்கும் தனித்தனி நரம்பு வேர்கள். ஒரு நரம்பு காயப்படலாம், அதனால் பாதம் பலவீனமாகலாம், அது அபூர்வம். இரண்டு காலும் ஒரேயடியாகப் போவது அதனினும் அபூர்வம்.

1997-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஃபோலியும் ஸ்மித்தும் குழாய் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒன்றைவிட ஒன்று பெரிதான குழாய்களை வரிசையாக இறக்கி, தசையை வெட்டாமல் இழைகளைப் பிரித்து வழி செய்யும் உத்தி. எண்டோஸ்கோப்பி இன்னொரு பாதை. ஜப்பானின் ஹிஜிகாட்டா 1975-இலேயே தோல் வழியாகக் கருவியைச் செலுத்திக் காட்டியிருந்தார். நரம்பில் படாமல் பக்கவாட்டிலிருந்து ஜவ்வுக்குள் நுழைய ஒரு முக்கோண இடைவெளி இருப்பதை ஃபிலடெல்ஃபியாவின் பர்விஸ் கம்பின் வரையறுத்தார். இன்றும் அது கம்பின் முக்கோணம்தான். பென்சில் பருமனுள்ள குழாய், அதன் நுனியில் கேமரா, இடைவிடாமல் ஓடும் உப்பு நீர். பக்கவாட்டு முறையில் பலருக்கு இடத்தை மட்டும் மரக்கச் செய்து, லேசான மயக்கத்தில் வைத்தே முடித்துவிடுகிறார்கள். கருவி நரம்பை உரசினால் நோயாளியே "கால்ல சுருக்குன்னுச்சு" என்று சொல்லிவிடுவார். இதைவிட நம்பகமான எச்சரிக்கை மணி கிடையாது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. எல்5-எஸ்1 தளத்தில் இடுப்பெலும்பு குறுக்கே நின்று பக்கவாட்டு வழியை மறைக்கும். அங்கே பின்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். துண்டு வெகுதூரம் நழுவியிருந்தால், சுண்ணாம்பேறி இறுகியிருந்தால், எலும்புக் கால்வாயே குறுகியிருந்தால் சிக்கல். கற்றுத் தேர நாளாகும் வித்தை என்பதால், கை பழகாத மருத்துவரின் ஏழு மில்லிமீட்டர் துளையைவிடக் கை பழகியவரின் மூன்று சென்டிமீட்டர் கீறல் எனக்கு மேலாகப் படுகிறது. விளம்பரங்களில் மின்னும் லேசர், ஜவ்வின் உட்பகுதியைச் சுட்டு அழுத்தத்தைக் குறைப்பது. ஏற்கெனவே பிய்ந்து வெளியே வந்துவிட்ட துண்டை அது ஒன்றும் செய்யாது.

துளை சிறிதானால் பலன் பெரிதாகிறதா? 2009-இல் டச்சு மருத்துவர்கள் 328 பேரிடம் குழாய் முறையையும் வழக்கமான மைக்ரோ முறையையும் ஒப்பிட்டார்கள். குழாய் முறை மேலாக இல்லை. வலிக் கணக்கில் ஒரு இழை பின்தங்கவும் செய்தது. 2022-இல் 613 பேரிடம் எண்டோஸ்கோப்பியை ஒப்பிட்டபோது, கால் வலி குறைவதில் அது பின்தங்கவில்லை, சற்றுச் சாதகமாகவே இருந்தது. தழும்பும் தசைச் சேதமும் ரத்த இழப்பும் குறைவதும், சீக்கிரம் வீடு திரும்புவதும் உண்மையான லாபங்கள். ஆனால் கால் வலியைத் தீர்ப்பது அந்தத் துண்டு வெளியேறுவதுதான். எந்த வாசல் வழியாக என்பது நரம்புக்குத் தெரியாது.

மறுநாளும் மறு வருடமும்

மயக்கம் தெளிந்ததும் பலர் முதலில் சொல்வது, "அந்த இழுப்பு இல்லை" என்பதுதான். அன்று மாலையோ மறுநாளோ நடக்கவைத்துவிடுவார்கள். மரத்துப்போன இடம் திரும்பப் பல மாதம் பிடிக்கும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். இந்த அறுவை சிகிச்சை கால் வலிக்கானது. இடுப்பில் மட்டும் வலி உள்ளவருக்கு இதனால் பெரிய நன்மை இல்லை. இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாததால் வரும் மனக்கசப்புகள் ஏராளம். ஏமாற்றப்பட்டதாக நினைக்கும் நோயாளிகளில் பலருக்கு அறுவை சிகிச்சை சரியாகவே நடந்திருக்கும்.

முதல் சில வாரங்கள் குனிந்து குடம் தூக்குவது, பைக்கில் ஸ்பீட் பிரேக்கர்களைத் தாண்டுவது, சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்வது எல்லாம் வேண்டாம். நடை நல்லது. பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டால் முதுகுத் தசை சோம்பேறியாகிவிடும்.

சிக்கல்கள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நரம்பு உறை கிழிந்து நீர் கசியலாம், சீழ் பிடிக்கலாம், எக்ஸ்ரேயில் சரிபார்க்காவிட்டால் தவறான தளத்தில் கைவைக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, அதே இடத்தில் மறுபடி பிதுங்குவது. நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு இது நேரலாம் என்கிறார்கள். ஜவ்வில் இருந்த ஓட்டை தைக்கப்படுவதில்லையே! கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 2014 மார்ச்சில் மைக்ரோடிஸ்கெக்டமி செய்துகொண்டார். 2015-இல் மீண்டும் இருமுறை மேஜைக்குப் போனார். 2017-இல் எலும்புகளை இணைக்கும் பெரிய அறுவை சிகிச்சை. 2019-இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று உலகையே வியக்கவைத்தார். 2020 டிசம்பரில் மறுபடியும் ஒரு ஜவ்வுத் துண்டை எடுக்க வேண்டியிருந்தது. உலகின் சிறந்த மருத்துவர்களும், செலவைப் பற்றிக் கவலையில்லாத வசதியும் இருந்தவரின் கதை இது. முதுகை முறுக்கி முறுக்கி அடிக்கும் தொழில் அவருடையது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செலவு மதிப்பீட்டுத் தாளைக் கையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண ஜவ்வுப் பிதுக்கத்துக்கு ஸ்க்ரூவோ கம்பியோ வேண்டியதில்லை. எலும்பு நழுவியிருந்தால், தண்டில் ஆட்டம் இருந்தால், திரும்பத் திரும்பப் பிதுங்கினால் அவற்றுக்கு இடமுண்டு. தாளில் ஸ்க்ரூ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் இன்னொரு மருத்துவரிடம் படத்தைக் காட்டுங்கள். அதற்காக யாரிடமும் சங்கடப்பட வேண்டியதில்லை.

மருத்துவரிடம் கேட்க இன்னும் சில உண்டு. என் காலில் இருக்கும் கோளாறும் படத்தில் இருப்பதும் ஒரே நரம்பா? இந்த முறையில் நீங்கள் தொடர்ந்து செய்துவருகிறீர்களா? உள்ளே போன பிறகு சிறு துளையில் முடியாவிட்டால் என்ன செய்வீர்கள்? எல்லாவற்றுக்கும் முன்னால், "இன்னும் ஆறு வாரம் பொறுத்தால் எனக்கு என்ன ஆகும்?" என்று கேளுங்கள். சிலரிடம், "பாதம் பலமிழந்துகொண்டே வருகிறது, பொறுக்க வேண்டாம்" என்பார். சிலரிடம், "வலி இருக்கும், ஆபத்து இருக்காது, உங்களால் தாங்க முடிகிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்பார்.